கேட்பது யார்? – திறந்த மூல மென்பொருள் சமூகங்களில் பேச்சு, மௌனம், அதிகாரம்

1

'இங்கே யார் வேண்டுமானாலும் பேசலாம்' என்று அறிவிக்கும் ஒவ்வொரு அமைப்பும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது: அந்தப் பேச்சை யார் கேட்பார்கள் என்பதை. பேச்சுரிமை பற்றி நாம் ஏராளமாக எழுதியிருக்கிறோம். கேட்பதற்கு ஆகும் உழைப்பைப் பற்றியோ, அந்த உழைப்பு கடைசியில் யார் தலையில் விடிகிறது என்பதைப் பற்றியோ எழுதியது ரொம்பக் குறைவு. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை. எடுத்துக்கொண்டிருக்கும் களம் இலக்கிய வாசகர்களுக்குக் கொஞ்சம் அந்நியமானது: திறந்த மூல மென்பொருளை உருவாக்கும் சமூகங்கள்.

கம்ப்யூட்டர் கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் களத்தை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. நம்மைப் போன்ற குழுக்களில் முக்கியமான முடிவுகள் டீக்கடையிலோ, கூட்டம் முடிந்தபின் பஸ் ஸ்டாண்டிலோதான் எடுக்கப்படுகின்றன. அவற்றுக்கு ஆவணம் கிடையாது. இந்தச் சமூகங்களில் பெரும்பாலானவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆகவே இவர்களுடைய சண்டையும் சமாதானமும் பெரும்பகுதி எழுத்தில் நடந்திருக்கின்றன, எழுத்தாகவே சேமிக்கவும் பட்டிருக்கின்றன. ஒரு கூட்டுச் செயல்பாட்டுக்குள் அதிகாரம் எப்படி ஊறி வருகிறது என்பதை வரிவரியாகப் படித்துப் பார்க்க இவ்வளவு விரிவான ஆவணம் வேறு இடத்தில் கிடைப்பது அரிது.

வேலைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மென்பொருளின் மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் 'க்னூ' திட்டத்தை அறிவித்தபோது இதை ஓர் அறக்கோரிக்கையாகவே முன்வைத்தார். ஒருவர் நிரலில் ஒரு திருத்தத்தைச் செய்து குழுவுக்கு அஞ்சலில் அனுப்புகிறார். இதற்கு 'பேட்ச்' என்று பெயர். மற்றவர்கள் அதைப் படித்து விவாதிக்கிறார்கள். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பராமரிப்பாளர் அதைச் சேர்த்துக்கொள்கிறார், அல்லது சேர்க்காமல் விடுகிறார். அவ்வளவுதான். ஆனால் அந்த 'விடுகிறார்' என்ற சொல்லுக்குள்ளேதான் இந்தக் கட்டுரையின் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

எரிக் ரேமண்ட் என்பவர் 1997 மே மாதம் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ஒரு கட்டுரை வாசித்தார். பேராலயம், சந்தை என்ற இரண்டு உருவகங்கள் அதில் வருகின்றன. பழைய முறையில் மென்பொருள் பேராலயம்போலக் கட்டப்பட்டது: சிலர் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்து எழுப்புவார்கள். லினக்ஸ் சந்தையைப் போல வளர்ந்தது: கூச்சலும் குழப்பமுமாக, ஆளாளுக்கு ஒரு சரக்கைக் கொண்டுவந்து கொட்ட, அதிலிருந்தே ஓர் ஒழுங்கு எழுந்துவிட்டது என்றார். கவர்ச்சியான உருவகம்தான், உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும், பக்கத்துக் கடைக்காரன் கத்துவது மட்டும்தான் அங்கே காதில் விழும். எல்லாக் கடையின் சத்தமும் ஒரே ஆளின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் அந்த ஆள் என்ன ஆவார்? ரேமண்டின் கட்டுரை இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

கணக்கு எளிமையானது. ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே போட்டுவைத்த கணக்கு. பத்துப் பேர் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமானால் 45 இணைப்புகள் தேவை. நூறு பேர் என்றால் 4950. ஆயிரம் பேர் என்றால் 4,99,500. ஆட்கள் பத்து மடங்கு பெருகினால் பேச்சு நூறு மடங்கு பெருகுகிறது. காதுகள் மட்டும் தலைக்கு இரண்டுதான். எனவே எந்த மென்பொருள் சமூகமும் ஒரு கட்டத்துக்குமேல் பேச்சை ஏதோ ஒரு விதத்தில் வடிகட்டியே ஆக வேண்டும். வடிகட்டுவதா வேண்டாமா என்ற விவாதத்துக்கு இங்கே இடமில்லை. வடிகட்டுபவர் யார், எந்த விதியின்படி, அந்த விதி வெளியே தெரிகிறதா என்பவையே கேள்விகள்.

அமெரிக்கப் பெண்ணியவாதி ஜோ ஃப்ரீமன் 1970-இல் ஒரு மாநாட்டில் பேசி, 1972-இல் அச்சில் பரவலான ஒரு கட்டுரை இருக்கிறது. அமைப்பற்ற தன்மையின் கொடுங்கோன்மை பற்றியது. தலைமை கிடையாது, விதி கிடையாது என்று பெருமைப்பட்டுக்கொண்ட பெண்கள் குழுக்களுக்குள்ளே நட்பு வட்டங்கள் எப்படித் தலைமையாக மாறின என்பதை அவர் எடுத்துக்காட்டினார். எழுதப்படாத விதியை எதிர்த்து யாரும் வாதாட முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். கம்ப்யூட்டர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனால் கீழே சொல்லப்போகும் வரலாற்றுக்கு அதைவிடப் பொருத்தமான முன்னுரை எனக்குக் கிடைக்கவில்லை.

2

லினக்ஸுக்கு முன்பே தொடங்க வேண்டும். 1979-80-இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'யூஸ்நெட்' என்னும் விவாத வலை, கணினிகளுக்கிடையே டெலிபோன் கம்பி வழியாகச் செய்திகளைக் கடத்தியது. ஒரு கணினி இன்னொன்றுக்கு இரவில் போன் போட்டு, தன்னிடம் சேர்ந்த கடிதங்களைக் கொடுத்துவிட்டு வைத்துவிடும். வெளியூர் அழைப்புக்குக் காசு ஆகும். அந்தக் காசைக் கட்டிய சில பெரிய நிலையங்களே வலையின் முதுகெலும்பு. யாரும் எதையும் பேசலாம், உண்மைதான். ஆனால் எந்தப் பேச்சை ஊர்விட்டு ஊர் சுமப்பது என்பதை போன் பில் கட்டியவர்கள் தீர்மானித்தார்கள்.

1986-87-இல் யூஸ்நெட்டின் குழுக்களெல்லாம் ஏழு பெரும் பிரிவுகளாக மறுபெயரிடப்பட்டன. சண்டையும் சச்சரவுமான குழுக்களை 'டாக்' என்ற தனிப் பிரிவில் ஒதுக்கினார்கள். செலவைச் சுமக்க விரும்பாத நிலையங்கள் அந்தப் பிரிவை ஒட்டுமொத்தமாகத் தவிர்த்துக்கொள்ள அது வசதியாயிற்று. வகைப்படுத்தல் என்பது வெறும் நூலக வேலை என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பெயர் வைப்பதும் அடுக்குவதுமே இங்கே விலக்குவதாகிவிட்டது. இதற்கு எதிர்வினையாக 1987-இல் 'ஆல்ட்' என்ற பிரிவை வேறு சிலர் தனியாகத் தொடங்கி, முதுகெலும்பு நிலையங்களைச் சாராமல் தாங்களே கடத்திக்கொண்டார்கள். முதுகெலும்பை நடத்தியவர்களுக்கு 'ரகசியக் கும்பல்' என்று பட்டப்பெயர். அப்படி ஒரு கும்பலே கிடையாது என்பது அங்கே நிலைத்துப்போன கேலி. அமைப்பற்றதாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் எல்லா அமைப்பிலும் இந்த மாதிரிச் சிரிப்பு கேட்கும்.

இந்த யூஸ்நெட்டில்தான் 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகத் தெரிவித்தார். தெரிவித்த இடம் அவருடைய இடமல்ல. ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் நடத்துவதற்காக எழுதிய 'மினிக்ஸ்' என்ற இயங்குதளத்தின் விவாதக்குழு அது. சில மாதங்களில் லினக்ஸ் பேச்சு அங்கே பெருகி, மினிக்ஸ்காரர்களுக்குச் சலிப்பு ஏற்பட்டது. 1992 ஜனவரி 29 அன்று டானன்பாம், லினக்ஸ் காலாவதியானது என்ற தலைப்பிலேயே ஒரு கடிதம் எழுதினார். கெர்னல் ஒரே கட்டியாக இருக்க வேண்டுமா, சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்க வேண்டுமா என்பது விவாதம். இளைஞர் காட்டமாகப் பதில் எழுதினார். பிறகு தன் தொனிக்காக மன்னிப்பும் கேட்டார்.

தொழில்நுட்ப வரலாறு எழுதுகிறவர்கள் இதை இரண்டு கோட்பாடுகளின் மோதலாக வாசிக்கிறார்கள். இன்னொரு வாசிப்பும் சாத்தியம். ஒரு வீட்டுக்குள் இன்னொரு குடும்பம் வந்து தங்கி, விருந்தாளிகளின் சத்தம் வீட்டுக்காரர்களின் சத்தத்தை அமுக்கிவிட்ட கதை இது. தீர்வும் வீட்டுத் தீர்வுதான்: தனிக்குடித்தனம். 1992-லேயே லினக்ஸுக்குத் தனிக்குழு வந்தது. அப்புறம் அதுவும் நிரம்பி, அறிவிப்புக்கு ஒன்று, உதவிக்கு ஒன்று என்று கிளை பிரிந்தது. நெரிசலுக்கு முதல் மருந்து பிரிந்துபோவது. யாரையும் வாயை மூடச் சொல்ல வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். செலவில்லாத மருந்து, ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. எத்தனை கிளையாகப் பிரிந்தாலும் எது நிரலுக்குள் போகிறது என்ற முடிவு ஒரே இடத்துக்குத்தான் திரும்பி வர வேண்டும்.

3

அந்த ஒரே இடம் டோர்வால்ட்ஸின் அஞ்சல்பெட்டி. தொண்ணூறுகளின் பிற்பாதியில் லினக்ஸ் கெர்னலுக்கான திருத்தங்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. அவர் ஏற்றுக்கொண்டால் அடுத்த வெளியீட்டில் தெரியும். மறுத்தால் சில சமயம் காரணம் சொல்வார். பல சமயம் ஏற்பும் இல்லை மறுப்பும் இல்லை, பதிலே வராது. அனுப்பியவர் மறுபடி அனுப்ப வேண்டும், மறுபடியும். கடிதம் போய்ச் சேர்ந்ததா, படிக்கப்பட்டதா, பிடிக்கவில்லையா – ஒன்றும் தெரியாது. இந்த மௌனத்தை ஒரு நிர்வாக முறையாகவே எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். முக்கியமான திருத்தமென்றால் அனுப்பியவன் விடாமல் திரும்ப அனுப்புவான் என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம்.

இந்த நியாயத்தைக் கொஞ்சம் கட்டவிழ்த்துப் பார்க்கலாம். திரும்பத் திரும்பத் தட்டுகிறவனுக்குக் கதவு திறக்கும் என்றால், தட்டிக்கொண்டே இருக்க நேரமும் தெம்பும் கூச்சமின்மையும் உள்ளவனுக்கு மட்டும்தான் திறக்கும். வேலை முடிந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு, ராத்திரி ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதுகிறவர் ஒரு தடவை தட்டுவார், இரண்டு தடவை தட்டுவார், அப்புறம் போய்விடுவார். அவரை யாரும் விலக்கவில்லை. விலக்கியதற்கு ஆவணமும் கிடையாது. மௌனத்தின் வசதியே அதுதான்.

1998 செப்டம்பர் இறுதியில் இது வெடித்தது. அனுப்பிய திருத்தங்கள் காணாமல் போகின்றன என்று முக்கியமான சிலரே புகார் சொன்னார்கள். டோர்வால்ட்ஸுக்கு அப்போது முழுநேர வேலையும் கைக்குழந்தையும் இருந்தன. தன் அஞ்சல்பெட்டியை விட்டு எல்லோரும் விலகிப்போக வேண்டும் என்கிற பொருளில் எரிந்து விழுந்துவிட்டு விடுப்பில் போனார். அந்த மனிதர் உடைந்துபோய்விடுவாரோ என்ற பயம் அன்றைக்கு வெளிப்படையாகவே பேசப்பட்டது. 'சந்தை' என்று கொண்டாடப்பட்ட அமைப்பு முழுவதும் ஒரு தனிமனிதனின் நரம்புகளின்மேல் நின்றுகொண்டிருந்தது அப்போது தெரிந்தது.

2002 ஜனவரியில் ராப் லேண்ட்லி என்பவர் ஒரு யோசனை சொன்னார்: திருத்தங்களை வாங்கி, அடுக்கி, தொலைந்துபோகாமல் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தனியாக நியமிக்கலாம். டோர்வால்ட்ஸின் பதில் முக்கியமானது. நூற்றுக்கணக்கானவர்களோடு தன்னால் நேரடியாக வேலை செய்ய முடியாது, தான் நம்புகிற பத்து இருபது பேர் இருக்கிறார்கள், அவர்கள் நம்புகிறவர்கள் அவர்களுக்குக் கீழே இருக்கிறார்கள், இப்படி ஒரு வலையாகத்தான் வேலை நடக்கும் என்ற பொருளில் அவர் எழுதினார். அதுவரை எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று அன்றைக்கு வெளியே வந்தது. திறந்த வெளியின் நடுவில் ஒரு வட்டம் இருக்கிறது. வட்டத்துக்குள் இருப்பவரைத் தெரிந்தால் உங்கள் பேச்சு போய்ச் சேரும்.

அடுத்த மாதமே லினக்ஸ் வேலை 'பிட்கீப்பர்' என்ற கருவிக்கு மாறத் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளை உருவாக்க ஒரு தனியார் நிறுவனத்தின் மூடிய மென்பொருள்! இலவசமாகக் கொடுத்தார்கள், ஆனால் போட்டிக் கருவி எதையும் உருவாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஸ்டால்மன் கண்டித்தார். கேட்பவனின் சுமை அந்த அளவுக்குக் கழுத்தை நெரித்திருந்தது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். 2005 ஏப்ரலில் அந்த இலவச அனுமதி முறிந்தது. அதே மாதம் டோர்வால்ட்ஸ் தானே 'கிட்' என்ற கருவியை எழுதத் தொடங்கினார். இன்றைக்கு உலகத்து மென்பொருளில் பெரும்பகுதி அந்தக் கருவியின் வழியாகவே உருவாகிறது. நெரிசல் பற்றிய ஒரு தகராறின் பிள்ளை அது.

கிட் வந்தபின் வட்டங்கள் அடுக்குகளாயின. ஒவ்வொரு பகுதிக்கும் பராமரிப்பாளர், அவருக்கு மேலே ஒருவர், உச்சியில் டோர்வால்ட்ஸ். காலமும் வகுக்கப்பட்டது. ஒரு வெளியீடு முடிந்ததும் புதிய விஷயங்களுக்கு இரண்டு வாரம் வாசல் திறந்திருக்கும். பிறகு அடைத்துவிட்டுப் பிழைதிருத்தம் மட்டும். ஒரு வெளியீட்டில் இன்றைக்கு ஏறத்தாழ 2000 பேர் பங்கெடுக்கிறார்கள். இந்த அடுக்குமுறை இல்லாவிட்டால் அது சாத்தியமில்லை, ஒத்துக்கொள்கிறேன். படிநிலை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் நம் பழக்கத்தால் இங்கே பயனில்லை. இந்தப் படிநிலை ஒரு கோப்பில் பெயர்களோடு எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். 1998-இன் மௌனத்தோடு ஒப்பிட்டால், இங்கே சண்டை போடவாவது ஒரு முகவரி இருக்கிறது.

4

பேச்சின் அளவைவிடப் பேச்சின் தரம்தான் தொல்லை என்பவர்கள் உண்டு. 1999 அக்டோபரில் 'ஃப்ரீபிஎஸ்டி' சமூகத்தில் ஒரு சின்னத் திருத்தம் பெரிய ரகளையானது. 'ஸ்லீப்' என்ற கட்டளை கம்ப்யூட்டரைச் சில வினாடிகள் காத்திருக்க வைக்கும். அது பின்ன வினாடிகளையும் ஏற்றுக்கொள்ளட்டுமா என்பதுதான் விஷயம். ஆளாளுக்குக் கருத்து சொன்னார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த பால்-ஹென்னிங் காம்ப் சலித்துப்போய் ஒரு கடிதம் எழுதினார். பார்க்கின்சன் 1957-இல் எழுதிய ஒரு நையாண்டியை அதில் நினைவூட்டினார்: ஒரு கமிட்டி அணு உலைக்குச் சில நிமிடத்தில் அனுமதி கொடுத்துவிடுகிறது, ஏனென்றால் அது யாருக்கும் புரியவில்லை. சைக்கிள் கொட்டகைக்கு நீண்ட விவாதம், ஏனென்றால் அது எல்லோருக்கும் புரிகிறது. அன்றிலிருந்து 'சைக்கிள் கொட்டகை' என்பது இந்தச் சமூகங்களில் ஒரு கலைச்சொல்.

கடிதத்தில் உண்மை இருந்தது. ஆனால் ஒரு சொல் கலைச்சொல்லாக நிலைத்ததும் அது யாருடைய கைக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எது அணு உலை, எது கொட்டகை என்று பிரிப்பவர் எப்போதும் அணு உலை தெரிந்தவர்தான். ஒரு கட்டளையின் பெயர், ஒரு கையேட்டின் மொழி, திரையில் தெரியும் ஒரு சொல் – புதிதாக வருகிறவர் நுழையக்கூடிய வாசல்கள் இவைதாம். அங்கே அவர் வாய் திறந்ததும் 'இது கொட்டகைப் பேச்சு' என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடிகிறது. நெரிசலைக் குறைக்க வந்த சொல் புதியவரைக் குறைக்கவும் உதவும்.

வேறு சமூகங்கள் பேச்சுக்கு முடிவு கட்டும் முறையை எழுதிவைக்க முயன்றன. 1995-இல் எட்டுப் பேராகத் தொடங்கிய 'அப்பாச்சி' குழு கடிதத்திலேயே வாக்களித்தது. சம்மதமென்றால் +1, எதிர்ப்பென்றால் -1. நிரல் மாற்றத்தில் ஒருவர் -1 போட்டாலே அது நிற்கும், ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். காரணமில்லாத எதிர்ப்பு செல்லாது. அதே சமயம் யாரும் எதிர்க்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும் இடங்களும் உண்டு. இங்கேயும் மௌனத்துக்கு ஒரு பொருள் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அந்தப் பொருள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது.

1993-இல் தொடங்கிய 'டெபியன்' இன்னும் ஒரு படி மேலே போய் 1998-இல் தனக்கென ஓர் அரசியல் சட்டத்தையே எழுதிக்கொண்டது. தேர்தல், கமிட்டி, தீர்மானம் எல்லாம் உண்டு. வாக்குச்சீட்டில் 'மேலும் விவாதிக்கலாம்' என்றும் ஒரு தெரிவு இருந்தது! 2014-இல் 'சிஸ்டம்டி' என்ற பகுதியை ஏற்பதா என்பதில் அந்தச் சட்டத்துக்குச் சோதனை வந்தது. எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் கமிட்டி நாலுக்கு நாலாகப் பிளந்து, பிப்ரவரியில் தலைவரின் தீர்வு வாக்கால் முடிவானது. விவாதம் ஓயவில்லை. நவம்பரில் பொது வாக்கெடுப்பு. அதில் வென்ற தெரிவு என்ன தெரியுமா? இதைப் பற்றிப் பொதுத் தீர்மானமே தேவையில்லை என்பது. வாக்களிக்கத் தேவையில்லை என்று வாக்களித்தார்கள். பல ஆண்டுகள் உழைத்த சிலர் அந்த நாட்களில் பொறுப்புகளிலிருந்து விலகினார்கள். இன்னொரு குழு பிரிந்துபோய் 'டெவுவான்' என்று தனியாகத் தொடங்கியது.

டெபியனின் சட்டம் தோற்றுவிட்டதாக இதை வாசிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்றவர்களுக்குத் தாங்கள் எங்கே, எத்தனை வாக்கில், எந்த விதியின் கீழ் தோற்றோம் என்று தெரிந்தது. 2022-இல் அவர்கள் சட்டத்தைத் திருத்தி, தீர்மானத்தின் மீதான விவாதத்துக்கு அதிகபட்சம் மூன்று வாரம் என்று வரம்பு வைத்தார்கள். 'மேலும் விவாதிக்கலாம்' என்ற தெரிவு 'மேற்கண்ட எதுவும் வேண்டாம்' என்றானது. பேச்சுக்கு முடிவில்லாமல் இருப்பதே ஜனநாயகம் என்ற நம்பிக்கையிலிருந்து அவர்கள் இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் நகர்ந்து வந்த தூரம் இது.

5

பேச்சை வடிகட்ட இன்னொரு கருவியும் இருந்தது: வசை. கெர்னல் சமூகத்தில் மோசமான திருத்தத்தை அனுப்பியவரை எல்லோர் முன்னாலும் கிழிப்பது வழக்கம். திறமை மட்டுமே அளவுகோல், தோல் தடித்தவர்கள் நிற்பார்கள், மற்றவர்கள் போகட்டும் என்ற தர்க்கம். நேர்மையான பேச்சு என்று இதற்குப் பெயர். ஒரு நிர்வாகக் கருவியாகப் பார்த்தால் இது மலிவானது. ஒருவரைத் திட்டினால் நூறு பேர் பயந்து எழுதாமல் இருப்பார்கள், நெரிசல் குறையும்.

ஹேபர்மாஸ் 1962-இல் எழுதிய பொதுக்களம் பற்றிய நூலில், அந்தஸ்தை ஒதுக்கிவைத்துவிட்டு வாதத்தின் வலிமையால் மட்டுமே மனிதர்கள் சந்திக்கும் வெளி ஒன்றைக் காட்டினார். 1990-இல் நான்சி ஃப்ரேசர் அதை மறுத்து எழுதினார்: அந்தஸ்து ஒதுங்குவதில்லை, ஒதுங்கியதாகப் பாவனை செய்யப்படுகிறது, அந்தப் பாவனையால் ஏற்கனவே மேலே இருப்பவர்களே பயனடைகிறார்கள். ஒடுக்கப்பட்டோர் தமக்கெனத் தனிக்களங்களை அமைத்துக்கொள்வது பொதுக்களத்தைப் பலவீனப்படுத்தாது என்பதும் அவர் வாதம். 2004-இல் டெபியனுக்குள் பெண்களுக்கென ஒரு துணைக்குழு உருவானதை அந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். பொதுக்குழுவில் கேள்வி கேட்கத் தயங்கியவர்கள் முதலில் அங்கே கேட்டார்கள்.

2013 ஜூலையில், கெர்னலில் யூஎஸ்பி பகுதியைப் பராமரித்த சேஜ் ஷார்ப், டோர்வால்ட்ஸின் வசைமொழியைப் பொதுவிலேயே எதிர்த்து எழுதினார். தொழில்முறை மரியாதை வேண்டும் என்றார். தான் இப்படித்தான் என்பது டோர்வால்ட்ஸின் பதில். 2015 அக்டோபரில் ஷார்ப் தான் கெர்னல் வேலையிலிருந்து விலகிவிட்டதை வெளியிட்டு, இந்தச் சூழலே காரணம் என்று எழுதினார். 2018 செப்டம்பர் 16 அன்று டோர்வால்ட்ஸ் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, சிலகாலம் ஒதுங்கியிருப்பதாக அறிவித்தார். கூடவே ஒரு நடத்தை விதி கெர்னலில் சேர்க்கப்பட்டது. 1992-இல் ஒரு பேராசிரியரிடம் கொஞ்ச நாளில் கேட்ட மன்னிப்பு, முகம் தெரியாத பலருக்குக் கிடைக்க ரொம்ப வருஷம் ஆயிற்று. போனவர்கள் போனவர்கள்தான். அவர்கள் எழுதியிருக்கக்கூடிய நிரல் எந்த ஆவணத்திலும் இல்லை.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உச்சியில் இருந்தவரும் இந்த அமைப்பில் நசுங்குகிறார். அதே 2018 ஜூலை 12 அன்று 'பைத்தான்' மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். அவருக்கு 'வாழ்நாள் கருணைச் சர்வாதிகாரி' என்று பாதி விளையாட்டான பட்டம் இருந்தது. பைத்தானில் 2000-த்திலிருந்தே யோசனைகளை எண்ணிட்ட ஆவணமாக எழுதி விவாதிக்கும் ஒழுங்கு உண்டு. 572-ஆவது யோசனை ஒரு சின்னக் குறியீடு பற்றியது. அதன்மேல் நடந்த சண்டை அவரைக் களைக்கச் செய்துவிட்டது. வாரிசை அவர் நியமிக்கவில்லை, நீங்களே வழி தேடிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். அவர்கள் பல முறைகளை எழுதிப் போட்டு வாக்கெடுத்து, 2019-இன் தொடக்கத்தில் ஐவர் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டு பேருக்குமேல் அதில் இருக்கக் கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். சர்வாதிகாரம், அது எவ்வளவு கருணையானதாக இருந்தாலும், சர்வாதிகாரியின் உடம்பு தாங்குகிறவரை மட்டும்தான்.

6

கேட்பவரின் களைப்பு வெறும் சொந்தச் சோகம் இல்லை என்பதை 2024 காட்டியது. 'எக்ஸ்இசட்' என்பது தகவலைச் சுருக்கும் ஒரு சிறிய மென்பொருள். உலகின் எண்ணற்ற கணினிகளில் அது உண்டு. அதைக் கிட்டத்தட்ட ஒரே ஆள் ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். 2022-இல் அதன் விவாதக்குழுவில் சில பெயர்கள் முளைத்தன: ஏன் இவ்வளவு தாமதம், முடியவில்லையென்றால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று நச்சரித்தன. தன் உடல், மனச் சோர்வை அவர் மறைக்கவில்லை. கொஞ்ச நாளாக உதவிவந்த ஒருவருக்குப் பொறுப்பில் பங்கு கொடுத்தார். அந்த 'உதவியாளர்' நிரலுக்குள் கள்ளக்கதவு ஒன்றைப் பொருத்தினார். ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் தன் கணினிக்குள் நுழைய அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவிப் பார்த்து, 2024 மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். நச்சரித்த பெயர்கள் போலியானவை என்றே கருதப்படுகிறது.

இதில் முதலில் தாக்கப்பட்டது நிரல் இல்லை, ஒரு மனிதனின் காது. பேச்சைக் கொட்டியே ஒருவரைச் சோர்வடையச் செய்து, அந்தச் சோர்வின் வழியாக உள்ளே நுழைந்தார்கள்.

இப்போது பேச்சுக்கு ஆளே தேவையில்லை என்ற கட்டத்துக்கு வந்திருக்கிறோம். 'கர்ல்' என்ற மென்பொருளைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பர்க் 2024 ஜனவரியிலிருந்தே ஒன்றைச் சொல்லிவருகிறார்: பாதுகாப்புக் குறை கண்டுபிடித்ததாக வரும் அறிக்கைகளில் செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதிய குப்பை பெருகுகிறது. பார்க்க நேர்த்தியாக இருக்கும், படித்து முடித்து ஆராய்ந்தால் ஒன்றும் இருக்காது. 2026 ஜனவரி இறுதியோடு, குறை கண்டுபிடிப்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தையே நிறுத்திவிட்டார். ஓர் அறிக்கையை எழுத ஒரு நிமிடம், அது பொய் என்று நிறுவ பல மணி நேரம். யூஸ்நெட் காலத்தில் பேசுவதற்குக் காசு ஆயிற்று. இன்றைக்குப் பேசுவது இலவசம், செலவு முழுவதும் கேட்பவன் கணக்கில். திறந்த கதவு என்னும் அறம் இந்தக் கணக்கைச் சமாளிக்குமா என்பது இன்னும் முடியாத கேள்வி.

7

இந்த வரலாற்றிலிருந்து எழுத்தாளர்களும் இயக்கத்தவரும் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? கவனம் என்பது ஒரு பொதுச்சொத்து. ஏரியைப் போல அதற்கும் கொள்ளளவு உண்டு. எல்லோருக்கும் சொந்தம் என்று சொல்லிவிட்டு மடையை யார் திறப்பது, எப்போது அடைப்பது என்று பேசாமல் விட்டால், ஏரிக்கரையில் வீடு உள்ளவனே மடைக்காரன் ஆகிவிடுவான். மௌனம், வசை, 'இது சில்லறை விஷயம்' என்ற கிண்டல், நம்பிக்கைக்குரிய வட்டம் – இவை நான்கும் எழுதப்படாத மடைகள். எண்ணிட்ட யோசனைகள், காரணம் கேட்கும் எதிர்வாக்கு, விவாதத்துக்கு மூன்று வாரம், பொறுப்பாளர் பட்டியல் – இவை எழுதப்பட்ட மடைகள். இரண்டாவது வகை அதிகாரத்தை ஒழித்துவிடவில்லை. அதைக் கைநீட்டிச் சுட்டிக்காட்டக்கூடிய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தது. அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது பாடம் இன்னும் கடினமானது. கேட்பதை வேலையாக மதிக்க வேண்டும். ஒரு பத்திரிகைக்கு வருகிற கையெழுத்துப் பிரதிகளைப் படிக்கிறவர், கூட்டத்தின் நடப்பை எழுதிவைக்கிறவர், புதிதாக வந்தவரின் தயங்கிய கேள்விக்குப் பொறுமையாகப் பதில் எழுதுகிறவர் – இவர்கள் பெயர் எங்கும் வருவதில்லை. எழுதிய நிரலுக்குக் கிடைக்கும் புகழ் படித்துத் திருத்திய நிரலுக்கு இல்லை. அந்த வேலையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளாத அமைப்பில், கடைசியில் ஒரே ஒரு ஆள் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார். அந்தக் களைப்பு ஒருநாள் கொடுங்கோன்மையாக வெளிப்படும், இல்லையென்றால் துறவாக, அதுவும் இல்லையென்றால் கள்ளக்கதவாக.

தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல் வினவு என்றும் பொருள்படும், செவிகொடு என்றும் பொருள்படும். குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அது பேசுவது செவியைப் பற்றி. நம்முடைய அமைப்புகளில் கேள்வி கேட்கும் உரிமைக்காக நாம் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம், இனியும் போட வேண்டும். அடுத்த கூட்டத்தில் அதோடு இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம்: போன வருஷம் நம்மிடம் வாய் திறந்துவிட்டுப் பதில் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய கடிதங்கள் யாரிடம் இருக்கின்றன?